குழாயை மூடியதால் வந்த வினை: ஒரு கேரவனின் இரண்டு குளிர்காலங்கள்

கேரவன் என்றதும் நம்மூரில் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. இங்கிலாந்தில் கேரவன் என்பது காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் சின்ன வீடு. எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, ஷவர், வெந்நீர் எல்லாம் உண்டு. வசந்தத்தில் வெளியே எடுத்து இலையுதிர் காலம் வரை ஊர் சுற்றுவார்கள். பிறகு நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்காவது நிறுத்தி வைப்பார்கள். நிறுத்துவதற்கு முன் வண்டியைப் பனிக்குத் தயார் செய்ய வேண்டும். அந்த வேலையை 2022இல் நான் செய்தேன், சரியாகத்தான் செய்ததாக நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து ஷவர் குழாய் வெடித்திருந்தது. ஆனால் அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள வெந்நீர் ஹீட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரே தண்ணீர், ஒரே குளிர். ஒன்று எப்படிப் பிழைத்தது, இன்னொன்று ஏன் போனது என்பதுதான் இந்த ஆய்வு.

வண்டியும் அதன் தண்ணீர்ப் பாதையும்

2014ஆம் ஆண்டு வண்டி, ஒற்றை அச்சு, நான்கு பேர் படுக்கலாம். 2021இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எங்கள் வீட்டு வாசலில் இடமில்லாததால் நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு பண்ணையின் பின்புறம் ஆண்டு வாடகைக்கு நிறுத்தியிருக்கிறேன். திறந்தவெளி, சரளைத் தரை. மின் இணைப்பு இல்லை, அதனால் உள்ளே ஹீட்டரைக் குறைவாக எரியவிட்டுக் காப்பாற்றும் வழியும் இல்லை.

தமிழில் நீளமாக ஓடுவதும் குழாய்தான், திறந்து மூடுவதும் குழாய்தான். இங்கே குழப்பம் வராமல் இருக்க ஓடுவதைப் பைப் என்றும், திறந்து மூடுவதை மட்டும் குழாய் என்றும் சொல்கிறேன். வெளியே 40 லிட்டர் பிடிக்கும் உருளைப் பீப்பாய் ஒன்று. வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பம்ப் அதிலிருந்து உறிஞ்சும். பம்ப்பைத் தாண்டி ஒரு வடிகட்டி. அதற்குப் பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகச் சமையலறை, முகம் கழுவும் தொட்டி, ஷவர் ஆகிய மூன்றுக்கும் போகிறது. மற்றது ட்ரூமா காம்பி என்ற வெந்நீர் ஹீட்டரின் 10 லிட்டர் தொட்டிக்குள் நுழைந்து, சூடாகி, வெந்நீராக அதே மூன்று இடங்களுக்கும் போகிறது. எல்லாம் விரல் மொத்தமுள்ள பிளாஸ்டிக் பைப்புகள்தான். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஏறி இறங்கி வளைந்து ஓடுகின்றன.

2022 அக்டோபர் 30

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறு அது. மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் என்ற அவசரத்தில் வேலை பார்த்தேன். பீப்பாயைக் கழற்றிக் கவிழ்த்தேன். பம்ப்பை ஓடவிட்டு, குழாய்கள் காற்றைத் துப்பும்வரை பார்த்தேன். பம்ப்பை நிறுத்தினேன். ஹீட்டரின் வடிகால் வால்வைத் திருப்பினேன். வண்டிக்கு அடியில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது, பத்து நிமிடத்தில் நின்றது. கழிப்பறைக் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியைக் கழுவினேன். எல்லாக் குழாய்களையும் இறுக்கி மூடினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பெரிய உறையைப் போர்த்திக் கட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

குழாய்களை மூடியது யாரும் சொல்லிச் செய்ததல்ல. சென்னையில் வளர்ந்தவன் நான். தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். நடுராத்திரி தண்ணீர் விடுவார்கள், வீடெல்லாம் வெள்ளம், காலையில் அம்மாவின் கைவரிசை. வெளியே கிளம்பும்போது குழாயை ஒரு முறை தொட்டுப் பார்ப்பது இன்றைக்கும் கை தானாகச் செய்யும் வேலை.

அந்த ஆண்டு நவம்பர் வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தது. வண்டியை மறந்தே போனேன். டிசம்பர் முதல் வாரத்தின் முடிவில் குளிர் இறங்கி, பத்து நாளுக்கு மேல் நகரவே இல்லை. ஸ்காட்லாந்தின் பிரேமரில் மைனஸ் 17 டிகிரியைத் தாண்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் பகலிலும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது, இரவில் நன்றாகக் கீழே போனது. நான் வீட்டில் கம்பளிக்குள் இருந்தபடி, தண்ணீரைத்தான் வடித்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்தேன்.

2023 மார்ச் 25

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் வண்டியைத் தயார் செய்யப் போனோம். முதல் அதிர்ச்சி, வண்டி நகரவில்லை. ஐந்து மாதம் இழுத்தபடியே இருந்த ஹேண்ட்பிரேக்கில், பிரேக் கட்டையும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. இடது சக்கரம் சுழலாமல் சரளையை உழுதுகொண்டே வந்தது. பண்ணைக்காரப் பெரியவர் சுத்தியலால் டிரம்மை நாலு தட்டுத் தட்டி விடுவித்தார். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தித்தான் நிறுத்த வேண்டும் என்றார். எனக்குத்தான் தெரியவில்லை.

பேட்டரி 10.9 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரி 12.7 காட்ட வேண்டும், இது செத்த கணக்கு. கூரையில் சோலார் தகடு இருக்கிறதே, எப்படித் தீர்ந்தது? தகட்டின் மேல்தானே உறையைப் போர்த்திவிட்டுப் போயிருந்தேன்! அடியில் திருட்டு அலாரம் மட்டும் இரவும் பகலும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. சார்ஜ் இல்லாத பேட்டரியின் அமிலம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் மாதிரி. அதனால் மைனஸ் ஏழு, எட்டு டிகிரியிலேயே அது உறையக்கூடும். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும்.

அப்புறம் தண்ணீர். பீப்பாயை இணைத்து, காரிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பம்ப்பைப் போட்டேன். பைப்பில் அழுத்தம் ஏறியதும் பம்ப் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது. பைப் காலியாக இருந்ததால் நிரம்ப நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஷவர் அறைச் சுவருக்குப் பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, கட்டிலுக்கு அடியில தண்ணி நிக்குது."

பார்த்தவரை சேதம் மூன்று இடத்தில். ஷவரில் வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் குழாயின் பிளாஸ்டிக் உடல், சுவருக்குப் பின்பக்கம் நீளவாக்கில் பிளந்திருந்தது. சமையலறைக் குழாயின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் வெடித்து ஒழுகியது. வடிகட்டிக் கிண்ணத்தில் மயிரிழை விரிசல். ஹீட்டருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. பைப்புகளும் முழுசாக இருந்தன, ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

ஏன் அங்கே, ஏன் இங்கே இல்லை

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் பாதி நிரம்பிய பைப்பில் தண்ணீர் உறைந்தால் எதுவும் ஆகாது, பெருகுவதற்கு இடம் இருக்கிறதே. ஆபத்து எங்கே என்றால், இரண்டு பக்கமும் அடைபட்ட தண்ணீரில்தான். ஒரு பக்கம் மூடிய குழாய். மறுபக்கம் பைப்பின் ஏதோ ஓரிடத்தில் முதலில் உறைந்த பனிக்கட்டி, கார்க் மாதிரி. பனி வளர வளர, இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது. பைப் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக், தாங்கிவிடும். குழாயின் உடல் விறைப்பானது, தாங்காது. உறைவது ஓரிடம், உடைவது வேறிடம். பைப்புகள் தப்பிக் குழாய்கள் போனது இதனால்தான்.

சரி, நான்தான் தண்ணீரை வடித்துவிட்டேனே? இங்கேதான் எனக்கு நாலு நாள் பிடித்தது. ஹீட்டரின் கையேட்டை அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

நம் வீட்டில் நல்லெண்ணெய் டின்னைத் திறக்கும்போது பாட்டி ஒரு ஓட்டையோடு விடமாட்டாள். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவாள். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். ட்ரூமா தொட்டியைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. தொட்டியிலிருந்து வெந்நீர் கிளம்பும் வளைவிலேயே காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. அடியில் வடிகாலைத் திறந்தால் மேலே அது காற்றை வாங்கிக்கொள்ளும், தொட்டி காலியாகிவிடும். குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று தொட்டி பார்ப்பதில்லை. அதுபோக, நான் வடிகாலைத் திறக்க மறந்திருந்தாலும் 3 டிகிரி அளவில் குளிர்ந்ததும் அடியில் உள்ள வடிகால் வால்வு தானாகவே திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். உறைபனிக் காப்பு வால்வு என்பது இதுதான், மின்சாரமே வேண்டாம்.

தொட்டியைத் தாண்டிக் குழாய்களுக்குப் போகும் பைப்புகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் மறுமுனையைத்தான் நான் நல்ல பிள்ளையாக இறுக்கி மூடியிருந்தேன். ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் ஜூஸ் உள்ளேயே நிற்குமே, அதேதான். பத்து நிமிடம் சடசடவென்று கொட்டியது தொட்டியின் தண்ணீர் மட்டும். அது நின்றதும் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். குழாய்கள் காற்றைத் துப்பியதும் என்னை ஏமாற்றியது. பம்ப் காற்றைத் தள்ளும்போது பைப்பின் மேல் பாதியில் காற்று ஓடும், பள்ளமான இடத்தில் தண்ணீர் அப்படியே கிடக்கும்.

இது என் ஊகமாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்று அடுத்த ஆண்டு சோதித்துப் பார்த்தேன். 2023 அக்டோபர் 28 அன்று முதலில் வேண்டுமென்றே பழைய தவறையே செய்தேன். குழாய்கள் எல்லாம் மூடியபடி ஹீட்டர் வடிகாலைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு வடிகால் வாய்க்கு அடியில் காலி பேசின் ஒன்றை வைத்துவிட்டு, உள்ளே போய் மூன்று குழாய்களையும் திறந்தேன். களக் களக்கென்று சத்தம். மறுபடியும் தண்ணீர் வந்தது, முக்கால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட. முந்தைய குளிர்காலம் முழுக்க இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறது.

குழாயைத் திறப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒற்றைக் கைப்பிடிக் குழாயைத் தண்ணீர்ப் பக்கம் மட்டும் திறந்தால் வெந்நீர்ப் பைப் மூடியே இருக்கும். கைப்பிடியை நடுவில் நிறுத்த வேண்டும். ஷவர் தலையைக் கொக்கியில் மாட்டி வைத்தால் அதன் ஹோஸ் தொங்கும் வளைவில் தண்ணீர் தேங்கும். அதனால் தலையைக் கழற்றி, உதறி, ஷவர் தரையில் படுக்கவைத்தேன். வடிகட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன். முன்சக்கர ஜாக்கியைச் சுழற்றி வண்டியின் மூக்கை நன்றாகத் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரம், இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் விட்டேன். ஒவ்வொரு சாய்ப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. கடைசியாக டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப்பைத் தண்ணீர் வாயில் இணைத்து மெதுவாக ஊதினேன், அழுத்தம் 1 பாரைத் தாண்டாமல். அதில் இன்னும் ஒரு டம்ளர் வந்தது. பெரிய கம்ப்ரசரை வைத்து ஊதினால் செருகிய இணைப்புகள் கழன்றுவிடும், அந்த ஆசை வேண்டாம்.

கனடாவில் இருக்கும் மச்சானிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். "இதுக்கெல்லாமா மாப்ள மெனக்கெடுற? பிங்க் கலர் தண்ணிய ஊத்தி ஓடவிட்டா முடிஞ்சுது." ஒன்டாரியோவில் அதுதான் வழக்கம். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தைப் பைப் முழுக்க நிரப்பிவிடுவார்கள். வெந்நீர்த் தொட்டிக்குள் அது போகாமல் மட்டும் பக்கவழியில் திருப்பிவிடுவார்கள். அங்கே மைனஸ் 20, 25 என்று வாரக்கணக்கில் நிற்கும், ஒரு டம்ளர் மிச்சத்தைக்கூட நம்ப முடியாது. அது நியாயம்தான். எங்கள் பக்கம் பெரும்பாலோர் வடிப்பதோடு விடுகிறார்கள். என் ஹீட்டரின் கையேடும் வடிக்கத்தான் சொல்கிறது, நானும் அதோடு நின்றேன். ஒன்றை மட்டும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிக்கும் தண்ணீர்ப் பைப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

ஈரம், எலி, மற்றவை

ஷவர் சுவருக்குப் பின்னால் கசிந்த தண்ணீரின் கதை குழாயை மாற்றியதோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஈரமானியை வைத்துப் பார்த்தபோது அந்தச் சுவரின் அடியில் 24 சதவீதம் காட்டியது. மற்ற இடங்களில் 11லிருந்து 13 வரை. 15க்குள் இருந்தால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. கேரவன் சுவர் என்பது மெல்லிய பலகையும் மரச்சட்டமும் நுரையும்தான். உள்ளே மரம் மக்க ஆரம்பித்தால் வண்டியின் விலை பாதாளத்துக்குப் போய்விடும். ஓரத்துப் பட்டையைக் கழற்றி, கோடை முழுக்கக் காற்றாட விட்டதில் ஆகஸ்டில் 14க்கு இறங்கியது.

கசிவு இல்லாவிட்டாலும் பூட்டிய வண்டிக்குள் காற்றின் ஈரம் படியும். 2023இல் மெத்தைகளை நிமிர்த்திச் சுவரில் படாமல் நிறுத்தினோம். அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டோம். ஃபிரிட்ஜ் கதவைச் சற்றுத் திறந்த நிலையில் பூட்டினோம், அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது. மழைக்காலத்தில் ஊரில் உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்ளுமே, அதே குணமுள்ள கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூன்றை வைத்தேன். ஜனவரியில் போய்ப் பார்த்தபோது இரண்டு நிரம்பியிருந்தன. தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களை அடைக்கவில்லை. குளிர் புகாமல் இருக்கட்டும் என்று அடைப்பவர்கள் உண்டு, அது தவறு. எரிவாயு கசிந்தால் அது காற்றைவிடக் கனம், தரைத் துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

உறையைப் பற்றி எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை. காற்றுப் புகும் துணியாக இருந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் தார்ப்பாய் அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றில் படபடத்து அக்ரிலிக் ஜன்னல்களைத் தேய்த்துக் கீறிவிடும். முதல் ஆண்டு நான் போர்த்தியது நல்ல துணிதான், ஆனால் கழுவாத வண்டிமேல். உறைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த மண் உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்திருந்தது. இரண்டாம் ஆண்டு வண்டியைக் கழுவிக் காயவைத்தேன், உறையே போடவில்லை. சோலார் தகட்டுக்கு வெயில் கிடைத்தது. ஆனால் டிசம்பரில் இங்கே அடிக்கும் வெயிலை நம்பிப் பிரயோசனமில்லை. மாதம் ஒரு முறை பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் செய்தேன்.

எலி விஷயத்தில் குற்றவாளி நான்தான். முதல் ஆண்டு கட்டிலுக்கு அடியில் ஒரு முறுக்குப் பொட்டலம் மறந்துபோயிருந்தது. அறுவடை முடிந்த வயலின் எலிகளுக்கு அது தீபாவளி. பொட்டலம் தீர்ந்ததும் ஒரு மெத்தையின் மூலையைக் கடித்துக் கூடு கட்டியிருந்தன. இப்போது உப்பு மிளகுகூட விடாமல் துடைத்து எடுத்துவிடுகிறோம்.

எரிவாயு சிலிண்டர்களைக் கழற்றி, நிமிர்ந்த நிலையில் தோட்டத்தில் திறந்தவெளியில் வைக்கிறேன். வீட்டுக்குள் வைப்பதில்லை. நீல சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். குளிரில் கிளம்புவதாக இருந்தால் சிவப்பு சிலிண்டர், அதாவது புரோப்பேன்தான். டயர்களும் அந்த வசந்தத்தில் மாறின. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2314, அதாவது 2014இன் 23ஆவது வாரம். தேயவே இல்லை, புதிது மாதிரி இருந்தன. ஆனால் கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே சாகும், ஏழு ஆண்டைத் தாண்டவிடாதே என்பார்கள். நான் ஒன்பதில் ஓட்டியிருக்கிறேன்.

கணக்கும் மிச்சமும்

ஷவர் குழாய், சமையலறைக் கார்ட்ரிட்ஜ், வடிகட்டி எல்லாம் சேர்ந்து 140 பவுண்ட், கூலி இல்லாமல். பேட்டரி 105. மெத்தை உறை 60. காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். உறைபனிச் சேதத்துக்கு, தண்ணீரை முறையாக வடித்திருந்தால் மட்டுமே பணம் என்று தெளிவாக எழுதியிருந்தது. விண்ணப்பிக்கவே இல்லை. பேசின் சோதனைக்குப் பிறகு, அவர்கள் கேட்டால் பொய் சொல்லவும் முடியாது.

2024 ஜனவரி நடுவில் மறுபடியும் கடுங்குளிர் வந்தது. மார்ச் 16 அன்று போய் கட்டைகளை எடுத்ததும் சக்கரம் இரண்டும் சுழன்றன. குழாய்களை மூடிவிட்டுப் பம்ப்பைப் போட்டேன், அரை நிமிடம் ஓடி, டக்கென்று நின்றது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. ஷவர் அறையின் கீழ் மூலையில் பலகை உப்பி ஒரு விரல் அகலத்துக்கு மேடாகவே நின்றுவிட்டது, அது இனிச் சரியாகாது. குழாய்களில் தொங்கவிட்ட அட்டைகளை அன்று கழற்றி டிராயரில் போட்டேன். "மூடாதே" என்று தமிழில் எழுதியவை. கிளம்பும் நேரத்தில் கை தானாக அங்கே போகிறதே, அதற்காக.